கால் போனாலும் ஆள் போகக் கூடாது

ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுப் புறப்படும் அன்று, திருநெல்வேலி டவுணில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவரைக் காண்பது அரிது. நான்கு ரத வீதிகளிலும் மனிதத் தலைகளே தெரியும். வடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம், வேடிக்கை பார்ப்பவர்கள் ஒரு பக்கம். அன்றைக்கு மட்டும் என்ன? மற்ற நாட்களிலும் டவுண்வாசிக்குக் கால்தான் முதல் வாகனம். காலையில் கோயில், அப்புறம் கடை, சாயங்காலம் காய்கறி, இரவில் உறவினர் வீடு என்று எல்லாம் நடந்தே நடக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவருடைய காலை எடுத்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த வீட்டின் நிலைமை என்ன ஆகும்?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். குடும்பம் கற்பனைதான், விஷயம் கற்பனையல்ல. ரத வீதியில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. வயது அறுபது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. அந்த வியாதி நாளாவட்டத்தில் பாதத்தின் உணர்ச்சியைக் கொன்று விட்டது. இளமையிலிருந்து பிடித்த பீடி காலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி விட்டது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி வந்தார். மற்றவர்கள் சூடு தாங்காமல் ஓடினார்கள். அண்ணாச்சிக்குச் சூடே தெரியவில்லை. மறுநாள் பெருவிரலில் ஒரு கொப்புளம். மஞ்சளை அரைத்துப் போட்டுத் துணியைச் சுற்றிக் கொண்டார். வலி இல்லாததால் கவலையும் இல்லை. மூன்றாவது வாரம் விரல் கறுத்தது, பாதம் வீங்கிற்று, குளிர் காய்ச்சல் கண்டது.

சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். "விஷம் ஏறிக் கொண்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்து விட்டால் பிழைத்துக் கொள்வார்" என்கிறார் டாக்டர். தாழ்வாரத்தில் அண்ணாச்சியின் மனைவி அழுது கொண்டு நிற்கிறாள். அவள் தம்பி மெல்லச் சொல்கிறான்:

"அக்கா, காலை எடுத்தா ஆளு மூணு மாசம்கூடத் தாங்காதும்பாங்க. அத்தானை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்."

இந்த 'ரெண்டு நாள்' பற்றித்தான் இக்கட்டுரை.

பழமொழி பிறந்த காலம்

'காலை எடுத்தால் ஆள் போய்விடுவான்' என்ற பேச்சு வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் அது கண்கூடான உண்மையாகவே இருந்தது. 1846-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்ற ரண வைத்தியர் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து ஒரு நோயாளியின் காலைத் தொடையோடு எடுத்தார். அன்று முதல் அறுவையின் வலிக்கு ஒரு விடிவு பிறந்தது. ஆனால் உயிருக்குப் பிறக்கவில்லை. அறுத்த புண் சீழ் பிடித்து, இரத்தத்தில் விஷம் கலந்து ஜனங்கள் மாண்டு கொண்டேதான் இருந்தார்கள்.

கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் ஜோஸப் லிஸ்டர் என்பவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். 1864, 1866 ஆகிய வருஷங்களில் கை கால் எடுக்கப்பட்டவர் 35 பேர். இறந்தவர் 16 பேர். 1867 முதல் புண்ணையும் கருவிகளையும் கைகளையும் கார்பாலிக் திராவகத்தால் சுத்தம் செய்யும் முறையை அனுஷ்டித்தார். அதன் பின் மூன்று வருஷங்களில் சிகிச்சை பெற்றவர் 40 பேர். இறந்தவர் 6 பேர். ஆஸ்பத்திரி அதேதான், அறுவையும் அதே அறுவைதான். கத்தியைச் சுற்றியிருந்த சிறு காரியங்கள் மாறின. மரணம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

இந்தக் கணக்கில் அடங்கியிருக்கும் பாடம் இன்றைக்கும் பழையதாகி விடவில்லை. நம் காலத்தில் காலை இழப்பவர்களில் பெரும்பாலோர் போர்வீரர்கள் அல்லர். நீரிழிவும் இரத்தக் குழாய் அடைப்பும் கண்ட முதியவர்கள். அவர்களுடைய இருதயமும் சிறுநீரகமும் முன்னமே களைத்துப் போயிருக்கின்றன. ஆகவே அவர்கள் உயிரைக் கொண்டு போவது பெரும்பாலும் அறுவை அல்ல. இருதய நோய், நுரையீரலில் சளி கட்டுவது, காலில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறுவது, தாமதத்தால் உடம்பெங்கும் பரவிய விஷம் இவைதான் அவர்களைக் கொண்டு போகின்றன. இவை ஒவ்வொன்றையும் எதிர்த்துச் செய்யக் கூடிய காரியம் உண்டு.

இங்கிலாந்தைப் போன்ற வசதி மிக்க தேசத்திலேயே, 2003-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட காலத்தில் பெரிய கால் அறுவை செய்து கொண்டவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. 2010-ல் அத்தேசத்து இரத்தக் குழாய் வைத்தியர்கள் சங்கம் கூடி, இந்த மரணத்தை நூற்றுக்கு 5-க்குக் கீழே கொண்டு வர வேண்டும் என்று ஒரு இலக்கு வகுத்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி புதிய மருந்து எதுவுமல்ல. அறுவையை நள்ளிரவு அவசரத்துக்கு விடாமல் பகலில், அனுபவமிக்க ரண வைத்தியரும் மயக்க மருந்து வைத்தியரும் கூடவே இருந்து செய்வது. முடிவு செய்த பின் வீணாக நாள் கடத்தாமல் இருப்பது. சர்க்கரை, இருதயம், வலி, பயிற்சி இவற்றைப் பார்ப்பவர்கள் ஒரு குழுவாக முதல் நாளே கூடுவது. முடிந்த மட்டும் முழங்காலைக் காப்பாற்றுவது. அவ்வளவுதான். பின்னர் வந்த கணக்குகளில் மரணம் கணிசமாகக் குறைந்திருக்கிறது.

முழங்காலின் விலை

இங்கே தம்பியின் 'ரெண்டு நாள்' எப்படிக் குறுக்கிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அழுகல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. இன்று முழங்காலுக்குக் கீழே எடுத்தால் போதும் என்றிருப்பது, இரண்டு நாள் கழித்துத் தொடையில் எடுக்க வேண்டியதாகி விடலாம். 'போவது போகிறது, எங்கே எடுத்தால் என்ன?' என்று நினைப்பது பெரும் பிசகு. முழங்கால் உள்ளவர் பொய்க்காலைக் கட்டி நடக்கும் போது, சாதாரண மனிதரைவிட நூற்றுக்கு 25 முதல் 40 பங்கு வரை அதிக உழைப்புத் தேவைப்படுகிறது. முழங்காலும் போய்விட்டவருக்கு அது 65 முதல் 100 பங்கு வரை ஏறிவிடுகிறது. அதாவது, ஒரு வீதியைக் கடக்க இரண்டு வீதி நடந்த களைப்பு. களைத்த இருதயம் அதற்கு எங்கே போகும்? முழங்காலோடு பிழைத்தவர் மறுபடியும் கடைத் திண்ணையில் உட்காருகிறார்; அது இல்லாதவர்களில் அநேகர் கட்டிலோடு நின்று விடுகிறார்கள்.

அதற்காக டாக்டர் சொன்னதும் கண்ணை மூடிக் கொண்டு கையெழுத்துப் போட்டு விட வேண்டும் என்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை அப்போதே கேட்டுவிட வேண்டும். 'அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து காலைக் காப்பாற்ற வழி உண்டா? முழங்காலை விட்டு வைக்க முடியுமா? இருதயத்தைப் பரிசோதித்தாயிற்றா? வலிக்கு என்ன ஏற்பாடு? பயிற்சி எப்போது ஆரம்பம்?' இந்த ஐந்து கேள்விகளையும் மரியாதையோடு கேட்கும் குடும்பத்தினர் மேல் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக் கொள்ள மாட்டார். பதில் கிடைத்த பின் தாமதிக்கக் கூடாது. விஷக் காய்ச்சல் கண்டுவிட்டால் மணிக் கணக்குத்தான். நாள் கணக்கு அல்ல.

வீட்டார் செய்ய வேண்டிய வைத்தியம்

அறுவை முடிந்தது. தையல் போட்டாயிற்று. இனி வருவதில் பாதி வைத்தியம் வீட்டாருடையது.

முதலாவது, தலையணை. மிஞ்சிய கால் நோகுமே என்று மனைவி அன்போடு அதன் அடியில் ஒரு தலையணையைச் செருகுகிறாள். அன்பினால் வரும் கெடுதல்களில் இதுவும் ஒன்று. மடங்கியபடியே இருக்கும் முழங்கால் சில வாரங்களில் மடங்கியபடியே இறுகிப் போகும். அப்புறம் எந்தப் பொய்க்காலும் அதில் பொருந்தாது. கால் நீட்டியே இருக்க வேண்டும். டாக்டர் அனுமதித்த பின், தினம் இரண்டு மூன்று வேளை குப்புறப் படுத்து, இடுப்பும் தொடையும் நேராக இருக்கும்படி செய்வது நலம்.

இரண்டாவது, எழுந்து உட்காருதல். 'பாவம், அசையாமல் கிடக்கட்டும்' என்ற இரக்கம் நுரையீரலில் சளியையும் முதுகில் புண்ணையும் மற்றக் கால் குதிகாலில் இன்னொரு புண்ணையும் உண்டாக்கும். டாக்டர் உத்தரவு கிடைத்ததும், கூடுமானால் மறுநாளே, கட்டிலில் நிமிர்ந்து உட்கார வைத்து, ஆழ்ந்து மூச்சு விடச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஆகாரம். புண் ஆற மாமிசச் சத்து வேண்டும். பத்தியம் என்ற பெயரால் அரிசிக் கஞ்சியும் ரொட்டியுமாகக் கொடுத்தால் சர்க்கரை ஏறும், புண் ஆறாது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், மோர் இவை டாக்டர் சொன்ன அளவில் தட்டில் இருக்கட்டும். நம் பக்கத்து உளுந்து நல்ல பண்டம். களியில் கருப்பட்டியை மட்டும் மறந்து விட வேண்டும். பார்க்க வரும் உறவினர் அல்வாப் பொட்டலத்தோடு வந்தால், பொட்டலத்தை வாசலில் வாங்கிக் கொண்டு ஆளை மட்டும் உள்ளே விடுவது உத்தமம்.

நான்காவது, இரவு. தூக்கக் கலக்கத்தில், கால் இருப்பதாகவே எண்ணி எழுந்து விழுகிறவர்கள் அநேகர். விழுந்தால் ஆறிக் கொண்டிருக்கும் தையல் பிளந்து போகும். அறையில் ஒரு சிறு விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணி, பக்கத்தில் ஓர் ஆள். முதல் சில வாரங்களுக்கு இந்த மூன்றும் அவசியம்.

ஐந்தாவது விஷயம் விசித்திரமானது. "இல்லாத பாதம் எரிகிறது, விரலை முறுக்குகிறது" என்று நோயாளி துடிப்பார். வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்வார்கள். சிலர் பேய் பிசாசு என்றும் பேசுவார்கள். பேயுமில்லை, பிரமையுமில்லை. கால் போனது மூளைக்குத் தெரியவில்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் அவயவம் இழந்த வீரர்களிடம் இதைக் கண்ட வெயர் மிச்செல் என்ற டாக்டர், 1871-ல் இதற்கு 'ஆவி அவயவம்' என்ற பொருள்படப் பெயரிட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின்னர் அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன் என்ற நம்மவர், 1990-களில் இதற்கு ஒரு கண்ணாடியைக் கொண்டே பரிகாரம் கண்டார். இருக்கும் அவயவத்தின் பிரதிபிம்பம் இல்லாததன் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, அசைத்துப் பார்க்கச் சொன்னார். பலருக்கு வேதனை தணிந்தது. 2007-ல் அமெரிக்க இராணுவ ஆஸ்பத்திரியில் கால் இழந்தவர்களிடம் செய்த சோதனையும் இதை ஆதரித்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்பதில்லை; மருந்துகளும் உண்டு. ஆனால் நோயாளி சொல்வதை நம்புவதே முதல் மருந்து.

மறுபடியும் நிற்பது

புண் ஆறி, வீக்கம் வடிந்து, மிஞ்சிய கால் ஒரு வடிவத்துக்கு வரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அதற்கப்புறம் பொய்க்கால்.

பொய்க்கால் நமக்குப் புதிதல்ல. யுத்தத்தில் கால் இழந்த விச்பலை என்ற பெண்ணுக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் அளித்ததாக ரிக் வேதமே கூறுகிறது. நம் காலத்தில் அந்த அசுவினிகளின் வேலையைச் செய்தவர்கள் ஜெயப்பூரில் இருந்தார்கள். ஒருவர் பி. கே. சேத்தி என்ற டாக்டர். மற்றவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். மேல்நாட்டுப் பொய்க்கால் பூட்ஸுக்குள் மறைவதற்காகச் செய்தது; வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவனுக்கும், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறவனுக்கும், குந்தி உட்காருகிறவனுக்கும் அது எதற்கு? இருவரும் சேர்ந்து 1968-ல் ரப்பரைக் கொண்டு, பாதம் போன்ற தோற்றமும் வளைவும் உள்ள ஒரு காலை உருவாக்கினார்கள். 1975-ல் அந்நகரில் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, அக்காலை ஏழைகளுக்கு இலவசமாகவே பொருத்தி வருகிறது. நமது ராஜதானியிலும் கே. கே. நகரில் அரசாங்கத்தின் புனர்வாழ்வு வைத்திய நிலையம் இருக்கிறது. ஜில்லா ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

அந்த ஜெயப்பூர்க் காலைக் கட்டிக் கொண்டு நடந்தவர்கள் லக்ஷக்கணக்கானவர்கள். ஆடிக் காட்டினவர் ஸ்ரீமதி சுதா சந்திரன். 1981-ல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நேர்ந்த பஸ் விபத்தில் அவருக்கு ஏற்பட்ட காயம் அழுகல் கண்டு, பதினாறாம் பிராயத்தில் வலது கால் போயிற்று. 1984-ல் அவர் பரதநாட்டிய மேடையில் மறுபடியும் ஏறினார். செயற்கைக் காலில் இரத்தம் கசியக் கசியப் பயின்றவர் அவர். அறுபது வயது அண்ணாச்சி ஆட வேண்டியதில்லை. கடை வரைக்கும் நடந்தால் போதும்.

நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. குற்றாலச் சாரல் அடிக்கும் தென்காசிப் பிரதேசத்தில் ஆய்க்குடி என்னும் ஊர். அவ்வூர் ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன் என்ஜினீயரிங் படித்துக் கொண்டிருந்த போது, 1975-ல் கடற்படைத் தேர்வுக்கான பரீக்ஷையில் விழுந்து தண்டுவடம் முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரைப் பயிற்றுவித்துத் தைரியம் ஊட்டிய இராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். 1981-ல் ராமகிருஷ்ணன் தம் ஊரிலேயே ஊனமுற்றோருக்காக ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கி, அந்த டாக்டரின் பெயரால் அமர் சேவா சங்கம் என்று அழைத்தார். அது அவயவம் எடுத்த கதையல்ல என்பது மெய்தான். ஆனால் உயிரைக் காப்பாற்றிய பின் மனிதனையும் காப்பாற்றியாக வேண்டும் என்பதற்கு அதைவிட அருகில் வேறு சாக்ஷி நமக்கு வேண்டியதில்லை.

மிஞ்சிய பாதம்

ஒரு கால் போனவர்களில் பலருக்குச் சில வருஷங்களில் மற்றக் காலுக்கும் ஆபத்து வருகிறது. காரணமாயிருந்த வியாதி உடம்பிலேயே இருக்கிறதல்லவா? ஆகவே பீடியை அன்றே விட வேண்டும். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இருதயத்துக்கும் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. ஒவ்வொரு இரவும் மனைவியோ மகளோ பேரனோ விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பாதத்தை விரலிடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். சிவப்போ கொப்புளமோ வெடிப்போ கண்டால் மறுநாளே ஆஸ்பத்திரி.

2023-ல் வெளியான அகில இந்தியக் கணக்குப்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு. ஏழு பேருக்கு ஒருவர். டவுணில் ஏழு பேர் இல்லாத கூட்டுக் குடும்பம் எது? அரசாங்கத்தார் 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. படுத்திருப்பவருக்குப் பயிற்சி கொடுக்க பிஸியோதெரபி நிபுணரையும் அனுப்புகிறது. 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமும் வந்திருக்கிறது. இவற்றைக் கேட்டு வாங்கிக் கொள்வது பிச்சையல்ல, குடிமக்களின் பாத்தியதை.

மறுபடியும் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வருவோம். தம்பி கெட்டவனல்ல. அத்தான் மேல் உள்ள பிரியத்தினால்தான் 'ரெண்டு நாள்' கேட்கிறான். அந்தப் பிரியத்தை அவன் வேறு விதமாகக் காட்டலாம். டாக்டரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். இரவில் கட்டிலருகே உட்காரலாம். கடையைப் பார்த்துக் கொள்ளலாம். நாலு மாதம் கழித்து அத்தான் பொய்க்காலோடு முதல் அடி எடுத்து வைக்கும் போது தோள் கொடுக்கலாம். 'நொண்டி' என்ற சொல்லை வீட்டிலும் தெருவிலும் யாரும் சொல்லாதபடி பார்த்துக் கொள்ளலாம்.

நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை இருக்கிறது. அங்கே ஆண்டவன் ஒரு காலைத் தூக்கி, ஒரே காலில் நின்றுதான் ஆடுகிறார். தலைமுறை தலைமுறையாக அந்தத் திருக்கோலத்தைக் கும்பிட்டு வரும் ஊருக்கு, ஒரு காலோடு நிற்கும் மனிதரை நிமிர்ந்து நிற்க வைப்பது இயலாத காரியமா? அடுத்த ஆனியில் தேர் புறப்படும் போது அண்ணாச்சி வடம் பிடிக்க வேண்டாம். தம் கடை வாசலில் நின்று கும்பிட்டால் போதும். அப்படி நிற்பதற்கு வேண்டியவை அனைத்தும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. வீணாக்குவதற்கு மட்டும் அந்த இரண்டு நாள் இல்லை.